ஜானவாச மோட்டார்

செப்டம்பர் 17, 1924. புதன்

விடியற்காலை முதல் மழை. ஆபீஸுக்கு லீவு போட்டது வீண். இன்று எஞ்சினைத் திரும்பப் பூட்டிவிடுவதாக நிபாரண் மிஸ்திரி சத்தியம் செய்திருந்தான். வந்தான். கையில் ஸ்பானர் இல்லை, சாமந்தி மாலை. விஸ்வகர்மா பூஜையாம். ஷெட்டில் இருந்த சாமான் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கி, சந்தனம், பூ, பதாஸா மிட்டாய். எஞ்சின் மேல் ஒரு சிந்தூரப் பொட்டு.

"இன்னிக்கு ஆயுதம் எதையும் தொடக்கூடாது பாபு."

இந்த ஸ்பானர் என் சொந்தம், நான் தொடுவேன் என்றேன். அதற்கும் பொட்டு வைத்தாகிவிட்டது என்றான். மழை கொஞ்சம் விட்டதும் பட்டம் விடப் போய்விட்டான். கல்கத்தா முழுக்க மொட்டை மாடியில் நின்று பட்டம் விடுகிறது. யாருக்கும் வேறு வேலை இல்லை.

என் பெண் அலமுவின் கல்யாணம் ஐப்பசியில். வண்டி இன்னும் ஷெட்டில் குவியல் குவியலாக.

எல்லாம் என் வாயால் வந்தது. நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி கணபதி ஐயர் (இனி ச. என்றே எழுதுவேன், முழுப் பேர் எழுதப் பொறுமை இல்லை) சொன்னார், "ஜானவாசத்துக்கு நல்ல ஓபன் மோட்டாரா ஏற்பாடு பண்ணிடுங்கோ." சரி என்று தலையாட்டியிருந்தால் தீர்ந்தது. ஒரு வாடகை வண்டி, அதில் மாப்பிள்ளை, ஊர்வலம், முடிந்தது. "வாடகை எதுக்கு? நம்மாத்து மோட்டாரே இருக்கே!" என்றேன். பாயசம் சாப்பிட்ட தைரியம். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மோட்டார் என்று நான் சொன்னது, ஊருக்குக் கப்பலேறிய சணல் மில் துரையின் லாயத்தில் கிடந்த பிரெஞ்சுக்காரன் வண்டி. 1908-ல் செய்தது. பின் சீட்டில் துரையின் வண்டிக்காரன் கோழி வளர்த்திருந்தான். இது சபையில் யாருக்கும் தெரியாது.

நுணலும் தன் வாயால் கெடும். இப்போது பின்வாங்கினால் அலமுவுக்குத்தான் கஷ்டம். புக்ககத்தில், சாந்த்ராகாச்சியில், சம்பந்தி மாமி ஆயுசு முழுக்கக் கேட்பாள், "உங்கப்பா மோட்டார் என்னடி ஆச்சு?" என்று.

மாலை மறுபடி மழை. ஷெட் ஒழுகுகிறது.


அக்டோபர் 7, செவ்வாய்

நல்ல வெயில். தெருக்கோடிப் பந்தலில் டாக் மேளம் அடிக்கிறார்கள், காது செவிடாகிறது. எஞ்சினைப் பூட்டியதோடு சரி, நிபாரண் துர்கா பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டான். லக்ஷ்மி பூஜை கழித்துத்தான் வருவான். போகும்போது "ஹொபே பாபு, ஹொபே." ஆகும், எல்லாம் ஆகும். எப்போது என்று மட்டும் சொல்ல மாட்டான்.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஷெட்டுக்குப் போனேன். ஆயுதப் பெட்டியைக் காணோம். திருட்டுப் போய்விட்டது என்று கத்தி, பக்கத்து வீட்டு கோஷால் பாபு வரை ஓடி வந்து, கடைசியில் பெட்டி இருந்தது கொலுவுக்கு முன்னால். சரஸ்வதி படம், புஸ்தகங்கள், அலமுவின் வீணை, என் ஸ்பானர்கள். எல்லாவற்றுக்கும் குங்குமம்.

ஆத்துக்காரி கமலம்: "ஆயுத பூஜையன்னிக்கு ஆயுதத்தைத் தொடறதாவது? நாளைக்கு எடுத்துக்கோங்கோ."

போன மாசமே அதற்குப் பூஜை ஆகிவிட்டது என்றேன்.

"அது அவாளோடது. இது நம்மளோடது."

கோஷால் பாபு அவள் சொன்னதே நியாயம் என்று வங்காளியில் தலையாட்டிவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு போனார். வங்காளத்துக்கு ஒரு நாள், தஞ்சாவூருக்கு ஒரு நாள். வேறு எந்த மோட்டார்க்காரனுக்கு இந்த யோகம் உண்டு? அலமு விழுந்து விழுந்து சிரிக்கிறாள், "கீ முஷ்கில் அப்பா!" என்ன தொல்லையாம். புக்ககம் போயும் இப்படி வங்காளியில் சிரித்தால் மாமி என்ன சொல்வாளோ.


அக்டோபர் 8, புதன்

விஜயதசமி. இன்று தொட்டது துலங்கும் என்றாள் கமலம். தொட்டேன். எஞ்சினைக் கிளப்ப ஹாண்டிலைச் சுற்றினேன். எதிர்த்து உதைத்தது. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், அதனால் இவ்வளவுதான்.


அக்டோபர் 16, வியாழன்

கை தேவலை. பாக்கி வேலை: ரேடியேட்டர் ஒழுகல். ஹுட் கிழிசல், மடக்கியே வைத்துவிடலாம். இடது விளக்குக்குக் கண்ணாடி. ஹாரன் ரப்பர். அன்று உதைத்ததோடு சரி, மாக்னெட்டோவிலிருந்து பொறி வர மறுக்கிறது. கிளட்சின் தோல் காய்ந்து கிடக்கிறது, விளக்கெண்ணெய் போட்டு ஊறவைக்க வேண்டும். கிளட்ச் என்றால் எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற கூம்பு, மேலே மாட்டுத் தோல். கமலத்திடம் விளக்கெண்ணெய் கேட்டபோது இதை விவரமாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ஷெட்டிலிருந்து வந்தால் நேரே கிணற்றடி. ஒரே நாளில் எத்தனை ஸ்நானம். ஜலதோஷம்.

மத்தியானம் ச. தம்பதி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நான் அப்போதுதான் வண்டியின் கார்பைட் விளக்குக்குத் தண்ணீர் விட்டுப் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயு பூண்டு நாற்றம் நாறும். வீடு முழுக்கப் பரவிவிட்டது.

மாமி உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள். கூடத்தில் உட்கார்ந்து, சமையலுள் பக்கம் ஒரு பார்வை, கமலத்தைப் பார்த்து ஒரு பார்வை. பிறகு ச. காதில், எனக்கும் கேட்கும்படி, "கல்கத்தாவிலேயே இருந்து இருந்து இவாளும் இந்த ஊர்ச் சமையலுக்கு வந்துட்டா போலிருக்கு."

கமலத்தின் முகம் போன போக்கு! வெங்காயம்கூட வாசற்படி தாண்டாத வீடு இது. அவளுடைய பதினெட்டு வருஷ மடியை என் விளக்கு ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டது.

மாமியை ஷெட்டுக்கே அழைத்துப் போனேன். கார்பைடைக் காட்டினேன். தண்ணீர் விட்டேன். மூக்கருகே நீட்டினேன். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சரி சரி, நம்பறேன். ஆனா என் பிள்ளை உக்காந்திருக்கச்சே இதை ஏத்த வேண்டாம்" என்றாள். ஆக, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக்கிய பித்தளை விளக்குகள் வெறும் அழகுக்கு.

போகும்போது ச. என் தோளைத் தட்டி, "எங்க ஆபீஸ் மொத்தமும் வரது. மாப்பிள்ளையைப் பாக்க இல்லை, உங்க மோட்டாரைப் பாக்க. நீங்களே பிரிச்சு நீங்களே பூட்டினதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்." சிரித்தேன். வேறென்ன செய்ய.

கமலம் ராத்திரி வரை சமையலுள்ளை அலம்பிக்கொண்டிருந்தாள்.


அக்டோபர் 26, ஞாயிறு

எழுதக் கை துடிக்கிறது. வண்டி ஓடியது!

நிபாரண் திரும்பி வந்து மாக்னெட்டோவை அடுப்பங்கரைச் சூட்டில் உலர வைத்தான் (கமலத்தோடு அது ஒரு தனி யுத்தம்). இன்று காலை முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் ஒழுகலுக்கு நிபாரண் ஒரு பிடி மஞ்சள் பொடி கேட்டான். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஓட்டையைப் போய் அடைத்துக்கொள்ளுமாம். அடைத்தது! ஆவி மட்டும் வெண்பொங்கல் அடுப்பு மாதிரி வருகிறது.

பாலிகஞ்ச் ஸ்டேஷன் தாண்டி, ஜாதவ்பூர் வயல்வெளி வரை. அலமுவும் வருவேன் என்று பின்னால் ஏறிவிட்டாள். "நிச்சயமான பொண்ணு மோட்டார்ல பறக்கறதா!" என்று கமலம் வாசலில் நின்று கத்தியது எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம். நேர் ரோடு. கண்களில் புழுதி. ஒரு ஜோடிக் குதிரை பீட்டன் வண்டியை முந்தினோம். "ஆரோ ஜோரே அப்பா, ஆரோ ஜோரே!" என்று என் தோளைக் குலுக்குகிறாள். இன்னும் வேகமாம். கொடுத்தேன். என் ஆயுசில் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்த மாசம் இந்நேரம் அவள் சாந்த்ராகாச்சியில்.

எஞ்சின் எண்ணெய் டப்பா காலி. வாங்க வேண்டும்.


நவம்பர் 1, சனி

பனி ஆரம்பம். காலையில் மெட்ராஸ் மெயிலில் நாயன கோஷ்டி வந்து இறங்கியது. நாயனக்காரர் சிங்காரம், பிரமாதமான குடுமி, இரண்டு காதிலும் கடுக்கன். காபி குடித்ததும் நேரே ஷெட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பெருமையாக எஞ்சினைக் கிளப்பிக் காட்டினேன்.

"ஜோரா இருக்குங்க சாமி. நாங்க முன்னால நடந்துக்கிட்டே வாசிப்போம். ஒவ்வொரு முக்குலயும் நின்னு ஒரு உருப்படி. தோடி எடுத்தா கொஞ்சம் கூடவே நிப்போம். வண்டி எங்க பின்னாலேயே மெல்ல வந்துரும்ல?"

வரும் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'மெல்ல' காதில் ஏறியது.

ஜானவாசம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? எத்தனை ஊர்வலத்தில் மோட்டாருக்குப் பின்னால் வேர்க்க வேர்க்க நடந்திருக்கிறேன்! நத்தை மாதிரித்தான் நகரும். நகரும், நிற்கும், நகரும், நிற்கும். இத்தனை நாளாக வேகம், வேகம் என்று எஞ்சினோடு மல்லுக்கட்டினேனே, மெதுவாகப் போகுமா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பார்த்தேனா? படித்த முட்டாள்.

உடனே தெருவில் இறக்கிப் பார்த்தேன். சிங்காரத்தை முன்னால் நடக்கச் சொன்னேன். கிளட்சை முழுசாக விட்டால் வண்டி பாய்கிறது. அவர் குடுமி பறக்க ஓரமாகத் தாவினார். பாதி விட்டால் தோல் உராய்ந்து கருகுகிறது. கோஷால் பாபு வீட்டு வாசலுக்குள் புகை. முடி கருகிய நாற்றம். கமலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.


நவம்பர் 3, திங்கள்

பண்ணிப் பார்த்தவை: விளக்கெண்ணெய் அதிகம் (தோல் வழுக்குகிறது, வண்டி நகரவே இல்லை). விளக்கெண்ணெய்க்கு மேல் சாம்பல் (ஒரே தாவு). சீமைச் சுண்ணாம்புப் பொடி (இரண்டும் மாறி மாறி). நிபாரண் தோலைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஓடினால் பிடிக்கும், ஊர்ந்தால் கருகும், இன்னும் ஒரு தடவை ஊர்ந்தால் தோலே மிஞ்சாது. புதுத் தோல் தைக்க வேண்டும். எப்போது ஆகும்? "ஹொபே பாபு." கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள். மோட்டாரை ரிப்பேர் பண்ணிப் பார் என்று சேர்க்க விட்டுவிட்டார்கள்.

வாடகை வண்டி? ச. தம் ஆபீஸ் முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. பின்னாலிருந்து ஆள் வைத்துத் தள்ளுவதா? மாப்பிள்ளையை உட்கார வைத்து, கட்டைவண்டி மாதிரி, ஹை ஹை என்று! அதைவிட நான் காசிக்குப் போகலாம்.

கமலத்திடம் சொல்லாமல் முடியவில்லை. சொன்னேன். வெட்கமாக இருந்தது. தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். துருவலை நிறுத்தவில்லை.

"தேருக்கு எஞ்சினா இருக்கு?"

"என்ன?"

"பின்னாலேர்ந்து தள்ளினாத்தானே அவமானம்? முன்னால வடம் கட்டி இழுங்கோ. பூவைச் சுத்தி விட்டுட்டா தேர். நம்மூர்த் தேர் நிக்கச் சொன்ன எடத்துல நிக்கலையா? எஞ்சின் பாட்டுக்குச் சும்மா உறுமிண்டு இருக்கட்டும், யார் வேண்டாங்கறா."

எஞ்சின் சும்மா உறுமுவது. எத்தனை மாச உழைப்பு. கோபம்தான் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் நிபாரணைப் படித்துறைக்கு அனுப்பி, படகு கட்டுகிற கயிறு வாங்கி வரச் சொன்னேன்.


நவம்பர் 7, வெள்ளி

எழுத நேரமே இல்லை. நேற்று முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. தாலி கட்டும்போது கொட்டிய கெட்டிமேளத்தில் நான் அழுதது யாருக்கும் தெரியாது. கமலத்துக்குத் தெரியும்.

புதன்கிழமை ஜானவாசம். மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

சிவன் கோவில் வாசலில் வண்டி. வடம் முழுக்க மாவிலை, சாமந்தி. மாப்பிள்ளை சூட்டு, கோட்டு, கழுத்தில் மாலை. தோல் சீட்டில் உட்காரக்கூடாது என்று சாஸ்திரிகள் கடைசி நிமிஷத்தில் சொல்லி, ஒரு மணைப்பலகை, அதன் மேல் பட்டு. பாவம் பையன், ஊர்வலம் முழுக்க நெளிந்துகொண்டே வந்தான். எஞ்சினைக் கிளப்பினேன். கியரில் போடவில்லை. உறுமியது. சாந்த்ராகாச்சி ஆபீஸ் மொத்தமும் கை தட்டியது.

நம் ஆபீஸ் பையன்கள் எட்டுப் பேர் வடத்தைப் பிடித்தார்கள். ச. புருவத்தை உயர்த்தினார். "என்ன இது?" சொல்லப் போகும் பொய்யைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் தெருவில் ஒரு குரல், "ரத்! ரத்!" அவ்வளவுதான். வங்காளிக்குத் தேர் வடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது, தொட்டாலே புண்ணியம். கோஷால் பாபு, அவர் மச்சினன், மிட்டாய்க் கடைக்காரன், வீட்டுப் பெண்கள், மூலையில் நின்ற போலீஸ்காரன், எல்லோரும் வடத்தில். சங்கு ஊதுகிறார்கள். உலு உலு என்று குலவை.

இழுத்தார்கள் பாருங்கள்! சிங்காரம் தோடியை ஆரம்பித்தவர் அதை ஓட்டத்திலேயே முடிக்க வேண்டியதாயிற்று. தவில்காரர் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். திங்களன்று நகர மறுத்த வண்டிக்கு!

நடுவில் ரேடியேட்டர் கொதித்தது. மூடி தெறித்து மஞ்சள் தண்ணீர் பீச்சியடித்தது ச.வின் மயில்கண் வேஷ்டி மேல். செத்தேன் என்று நினைத்தேன். மாமி பார்த்தாள், விரலால் தொட்டு முகர்ந்தாள். "மஞ்சள்னா! மஞ்சள் ஜலம்! சுபசகுனம்." ச. உடனே மார்பை நிமிர்த்தி, தம் ஆபீஸ்காரர்களிடம், "மோட்டார் ரதம்! மெட்ராஸ்ல பாத்திருக்கேளா? நானும் சம்பந்தியும் சேர்ந்து பண்ணின யோசனை."

நானும் சம்பந்தியுமாம். எஞ்சினுக்குப் பதில் உள்ளே ஓர் உரலை வைத்திருந்தாலும் இதே பேர்தான் கிடைத்திருக்கும். எல்லோரும் என்னைப் புகழப் புகழ எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. கமலம் மட்டும் கூட்டத்தில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

கிருகப்பிரவேசத்துக்கும் இதே மோட்டார்தான் என்று ச. உத்தரவு. ஓடினால் பிடிக்கும் என்று நிபாரண் சொன்னானே. பார்ப்போம்.


நவம்பர் 10, திங்கள்

அலமுவைக் கொண்டுபோய் விட்டோம்.

ச. குடும்பம் முன்னாலேயே ரயிலில் போய்விட்டது. வண்டியின் பின் சீட்டில் அவளும் மாப்பிள்ளையும். முன்னால் நானும், முறுக்குத் தவலையை மடியில் வைத்துக்கொண்டு கமலமும். முதல் சுற்றிலேயே கிளம்பியது. ஹௌரா பாலத்தைக் கப்பலுக்காகத் திறந்து வைத்திருப்பார்கள், வரிசையில் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இல்லை, நேரே போகலாம். மாட்டு வண்டி நெரிசல்கூட இல்லை. ரயில்வே கேட்டும் எங்களுக்காகவே போல் திறந்து கிடந்தது. ஆவி இல்லை, ஒழுகல் இல்லை. கிளட்ச் பிடித்தது பிடித்தபடி. இந்த வண்டி இவ்வளவு ஒழுங்காக ஒருநாளும் ஓடியதில்லை.

பின்னாலிருந்து சத்தமே இல்லை. நடுவில் ஒரு தடவை, "அப்பா, மெதுவாப் போங்கோ" என்றாள். சுத்தமான தமிழில். மெதுவாகப் போனால் தோல் கருகும் என்றேன். வேறென்ன சொல்லித் தொலைவது.

ஆரத்தி எடுத்தார்கள். வலது காலை வைத்து உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாள், மாமி கூப்பிட்டாள், போய்விட்டாள்.

திரும்பும்போது பாதி வழியில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் குளம், ஆகாயத்தாமரை. மனுஷ நடமாட்டம் இல்லை. பெட்ரோல் இருக்கிறது, பொறி வருகிறது, காரணமே தெரியவில்லை. ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போயிற்று. வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். சக்கரத்தை உதைத்தேன்.

கமலம் இறங்கவே இல்லை. காலித் தவலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போறச்சே நின்னிருக்கப்படாதோ இது" என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

மறுபடி ஹாண்டிலை எடுத்தேன்.

"விடுங்கோ. செத்த நாழி இப்படியே உக்காருவோம்."

ஏறி உட்கார்ந்தேன்.